கடல்நீர்த் தொட்டியும் மீன்களின் சகவாசமும்

கடல் மீனைக் கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு காணும் பாக்கியம் சென்னப்பட்டணத்தாருக்கு நூறாண்டுக்கு முன்பே வாய்த்தது. அரும்பொருட் காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை 1909-ஆம் ஆண்டில் மெரினாக் கரையில் ஒரு மீன் காட்சிசாலையாக உருப்பெற்று, 1919-ல் மீன்வளத் துறையின் வசம் சென்று, இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் மூடப்படும்வரை ஜனங்களை ஈர்த்துவந்தது. அன்று சர்க்கார் செய்த காரியத்தை இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடிக் குடித்தனக்காரர்கள் தங்கள் கூடத்திலேயே செய்யத் துணிந்திருக்கிறார்கள். துணிவு பாராட்டத்தக்கதே. ஆனால் கடைக்குப் போய், நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, வரிபோட்டதில் இரண்டு என்று வர்ணத்தைப் பார்த்து மீன் பொறுக்கும் வழக்கம் எவ்வளவு விபரீதமானது என்பதைக் கடை வாசலில் எவரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவது நலம். மேல்நாட்டுப் புத்தகங்களில் காணும் உயிர்ப்பவளத் தோட்டத்தை அப்படியே இங்கே பிரதி செய்ய இயலாது. கல்லாய் இறுகும் பவள இனங்கள் யாவும், கடல்குதிரைகளும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கு உள்ள அந்தஸ்து அவற்றுக்கும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாப் பகுதி 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டது. ஆகவே நம் வீட்டுத் தொட்டியில் செயற்கைப் பாறைகளை அடுக்கி, அதன் பொந்துகளில் பவளத்திட்டு மீன்களை வாழவைப்பதே நேர்மையான வழி. மீனுக்கு வேண்டியது ஒளிய ஒரு பொந்துதான். அது பவளமா, சுட்ட மண்ணா என்று மீன் ஆராய்வதில்லை.

இனி, எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்ற பிரதான விஷயத்துக்கு வரலாம். ஒரே ஜாதி மீன்கள் ஒன்றோடொன்று சிநேகமாக இருக்கும், அந்நிய ஜாதிகளே சண்டையிடும் என்பது சாமானிய அபிப்பிராயம். பவளத்திட்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் விரோதம். பிராணிகளின் சுபாவத்தை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரியப் பேரறிஞர் கொன்ராட் லோரன்ஸ், அப்பரிசுக்குப் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய புகழ்பெற்ற நூலில் இம்மீன்களைக் கொண்டே தம் விசாரத்தைத் தொடங்குகிறார். ஒரு தொட்டியில் பல இனங்களை அவர் சேர்த்து வைத்துக் கவனித்தபோது, கொடிய தாக்குதல்கள் பெரும்பாலும் ஒரே இனத்தாருக்குள்ளேயே நிகழ்ந்தன. அந்த ஜொலிக்கும் வர்ணங்கள் தன் இனத்தானைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு விரட்டுவதற்கான கொடி என்று அவர் ஊகித்தார். பளிச்சென்ற நிறமுள்ள மீன்கள் சாதுவாகக் கூடிவாழும் உதாரணங்கள் பலவும் பிற்பாடு கண்டறியப்பட்டமையால் அந்த ஊகம் முழுதும் நிலைக்கவில்லை. ஆனால் அதன் அடியிலிருந்த உண்மை மேலும் கூர்மை பெற்றது. பாசி மேய்ந்து வாழும் டாம்சல் மீன், தன் இனத்தானை மட்டுமின்றிப் பாசி மேயவரும் பிற இனத்தாரையும் விரட்டுகிறது. புழு பூச்சி தின்னும் மீன் பக்கத்தில் போனால் பெரும்பாலும் லட்சியம் செய்வதில்லை. போட்டி ஆகாரத்துக்கும் இருப்பிடத்துக்கும்தான். உருவமும் நிறமும் போட்டியாளனைக் காட்டிக்கொடுக்கும் குறிகள் மட்டுமே.

திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த காலத்தில், குழாயடிக்கு ஒரே வேளையில் வருகிறவர்களுக்குள்தானே சச்சரவு மூண்டது! இரவுப் பணிக்குப் போகிறவருக்கும் விடியற்காலையில் எழுகிறவருக்கும் தகராறு வர நியாயமில்லை. தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுக்கிறவர் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். தரையில் வாழும் உளுவை ஒன்று, பாறையிடுக்கில் வாழும் பிளென்னி ஒன்று, நடுநீரில் மிதக்கும் கார்டினல் மீன் சில என்று உயரத்தால் பிரித்து, உணவாலும் பிரித்து, உருவம் ஒத்த இரண்டைச் சேர்க்காமலிருந்தால் பாதி யுத்தம் ஓய்ந்துவிடும். சிலவகை உளுவைகள் மண்ணில் வளை தோண்டும் ஒருவகை இறாலோடு கூடி வாழ்கின்றன. கண்பார்வை மங்கிய இறால் வளையைத் தோண்டிச் செப்பனிட்டுக்கொண்டே தன் மீசையொன்றை உளுவையின்மேல் வைத்திருக்கும். காவல் நிற்கும் உளுவை வாலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால், இரண்டும் கணத்தில் வளைக்குள் மறையும். விலையுயர்ந்த எந்த வர்ண மீனைக் காட்டிலும் மணிக்கணக்கில் பார்க்கத் தகுந்த காட்சி இது என்பேன்.

குழந்தைகள் கேட்பது கோமாளி மீனைத்தான். 2003-ல் வந்த ஒரு திரைப்படம் அதற்குத் தேடித்தந்த கீர்த்தி அப்படி. அதன் குடும்ப நியாயமோ திரைப்படத்தில் சொல்லப்படாதது. கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே இருக்கின்றன. ஒரு கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகி அதிகாரம் செலுத்துகிறது. அடுத்தது அதன் நாயகன். மற்றவை வளர்ச்சி ஒடுங்கிக் காத்திருக்கின்றன. பெண் இறந்தால் நாயகனே பெண்ணாக மாறி, அடுத்த சிறியது நாயகனாகிறது. இதை அறிந்தவர் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டே இரண்டு வாங்குவார். மூன்றாவதைச் சேர்த்தால் ஒதுங்கிப்போகத் தொட்டியில் இடமில்லாமையால் அது கடிபட்டே மாளும். அவற்றுக்குக் கடல் சாமந்தி அவசியம் என்ற நம்பிக்கையும் தவறு. கொன்று தின்ன வரும் எதிரியில்லாத தொட்டியில் அது இல்லாமலேயே சௌக்கியமாக வாழ்ந்து முட்டையிடும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீன்களைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததைவிடப் பண்ணையில் பிறந்ததே உத்தமம். அது கொடுத்த தீனியைத் தின்னவும் அறியும்.

சில மீன்களை எவ்வளவு ஆசையிருந்தாலும் விட்டுவிட வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில பவளப் பாலிப்பைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினியால் மடியும். கிளாத்தி, தொட்டியிலுள்ள நண்டையும் நத்தையையும் விட்டுவைக்காது. சிங்கமீன் வாயில் நுழைவது எதுவாயினும் அதற்கு ஆகாரமே. பெட்டி மீனோ மிரண்டால் தோலிலிருந்து விஷம் கசியவிட்டு, தன்னோடிருக்கும் எல்லாவற்றையும் கொன்றுவிடக்கூடும். அதே திரைப்படத்தில் வரும் நீல நிறச் சர்ஜன் மீன் ஓரடி வரை வளரும். வாலடியில் கத்திபோன்ற முள்ளும் உண்டு. அதற்கு நம் கூடத்துத் தொட்டி போதாது.

எண்ணிக்கையை நிர்ணயிப்பது சென்னையின் வெயில். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் அதே உயரமுமுள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். இம்மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரிச் சூடு உகந்தது. கத்திரி வெயிலில் அறைநீர் தானாகவே 30-ஐத் தாண்டும். சூடேறிய நீர் பிராணவாயுவைக் குறைவாகவே தாங்கும், மீனோ சூட்டில் அதிகமாக மூச்சு வாங்கும். குளிர்விக்கும் யந்திரம் வைத்தாலும் மின்சாரம் நின்ற இரவொன்றில் தொட்டியைக் காப்பது, அதில் மீன் குறைவாயிருப்பதே. ஆறேழு சிறு மீன்களோடு நிறுத்திக்கொள்வது விவேகம். பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே அடையாறு கலக்கும் கடலிலிருந்து நீர் முகந்துவருவதும் வேண்டாம். ஆற்றோடு வரும் கழிவு ஒருபுறம், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு நீர்த்துப்போவது மறுபுறம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்பைக் கரைப்பதே மேல்.

அந்நீரில் மீனின் கழிவான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டி மீனின்றியே இருக்கட்டும். பிறகு விடும்போது வரிசை முக்கியம். சாதுவான கார்டினலும் உளுவையும் முதலில், கோமாளி அடுத்து, டாம்சல் வேண்டுமென்று பிடிவாதமிருந்தால் கடைசியில் ஒன்றே ஒன்று. முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தன் பிரதேசமாகப் பாவித்துவிடுமாகையால், முரடனை முன்னால் விடுவது பின்னால் வருவனவற்றுக்கெல்லாம் யமனை நியமிப்பதாகும். புதிய மீன் ஒவ்வொன்றும் சில வாரம் தனித் தொட்டியில் இருந்து, உடலில் வெண்புள்ளி நோய் இல்லையென்று தெரிந்தபின் உள்ளே வருவது நல்லது. அது வரும் நாளில் பாறைகளை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்து, இருளில் விட்டால், பழைய எல்லைகள் அழிந்துபோய் எல்லா மீன்களும் மறுநாள் காலையில் பொந்து தேடுவதிலேயே முனைந்திருக்கும். புதிதாக வந்ததைத் துரத்த எதற்கும் அவகாசமிராது. இவ்வளவும் செய்தும், துடுப்பு கிழிந்து மூலையில் ஒண்டும் மீன் ஒன்று தென்படுமானால், தாமதியாமல் பிடித்தெடுத்து வேறு தொட்டியில் சேர்க்க வேண்டும். அதைப் பிடிப்பதற்கு அடுக்கிய பாறைகளையெல்லாம் மறுபடியும் வெளியே எடுக்க நேரும்.