ஆப்பிளில் குத்திய பேனா

2016 ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானிய நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கண்ணாடி, மீசை, கண்ணைப் பறிக்கும் உடை. ஒரு கையில் பேனா, மறு கையில் ஆப்பிள் இருப்பதுபோல் பாவனை செய்து இரண்டையும் சேர்த்துக் குத்துகிறார். அடுத்து அன்னாசிப்பழம். முடிவில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. கதை அவ்வளவுதான். பாட்டின் பெயர் 'பென் பைனாப்பிள் ஆப்பிள் பென்'. பாடிய பிகோதாரோ, கொசாகா என்ற கலைஞர் போட்டுக்கொண்ட வேடம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எதுவுமே இல்லை. அதுதான் அதன் பலம். ஆங்கிலத்தில் நாலு சொல் தெரிந்த குழந்தைக்கும் முழுப் பாட்டும் புரிந்துவிடும். 45 வினாடியில் முடிவதால் 'என்ன இது?' என்று இன்னொரு முறை ஓடவிடுகிறோம். அதற்குள் மெட்டு மண்டையில் ஒட்டிக்கொள்கிறது.

கேட்டுவிட்டு நகர்ந்தால் அது வெறும் பாட்டு. கேட்டவர் தானும் செய்து பார்க்கும்போதுதான் மீம் ஆகிறது. 'கங்னம் ஸ்டைல்' என்ற கொரியப் பாட்டின் குதிரையாட்டத்துக்குக் கொஞ்சமாவது மூச்சு வாங்க வேண்டும். இதற்கு இரண்டு கை போதும், பேனாகூட வேண்டாம். ஆப்பிளுக்குப் பதில் வீட்டில் இருக்கும் எதையும் வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் நகல்கள் பெருகின.

ஆனால் பாட்டு தானாகவே உலகம் சுற்றியதாக நினைத்துவிடக் கூடாது. செப்டம்பர் கடைசியில் பாடகர் ஜஸ்டின் பீபர், இணையத்தில் தனக்கு மிகப் பிடித்த வீடியோ இதுதான் என்று ட்விட்டரில் எழுதினார். கோடிக்கணக்கானோர் பின்தொடரும் கணக்கு அது. ஆசியாவில் பரவிக்கொண்டிருந்த வேடிக்கை ஒரே தாவலில் மேற்கே போய்விட்டது.

கணக்கு பார்க்கும் முறையும் கைகொடுத்தது. அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியல் 2013 முதல் யூடியூப் பார்வைகளையும் சேர்த்தே எண்ணி வந்தது. காசு கொடுத்து வாங்காமல் சிரிப்பதற்காகப் பார்த்தவர்களும் இப்படி வாக்குப் போட்டவர்களானார்கள். அக்டோபரில் பாட்டு 77-ஆம் இடம் பிடித்தது. அதுவரை அந்தப் பட்டியலில் நுழைந்தவற்றில் இதுவே மிகச் சிறியது.

2017-இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம், ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளை விளக்க இதே மெட்டைப் பயன்படுத்தியது. அரசாங்கமே கையில் எடுத்துவிட்டால் இளசுகள் அடுத்த கூத்தைத் தேடிப் போய்விடுவார்கள் என்பது என் கணிப்பு. பிகோதாரோ அதன்பிறகும் பாடல்கள் வெளியிட்டார். எதுவும் இந்த அளவுக்குப் பரவவில்லை.