மென்பொருட் பொதி கட்டும் பயிற்சி

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. இங்குள்ள அலுவலகக் கணினியில் லினக்ஸ் நிறுவுவோர்க்கு இரு மொழி எழுத்துருக்களும் தேவைப்படலாம். 'டெபியன்' என்னும் லினக்ஸ் வெளியீட்டில் லோஹித் தெலுங்கு, லோஹித் தமிழ் ஆகியவை தனித்தனிப் பொதிகளாக உள்ளன; ஒரே கட்டளையில் இரண்டும் வந்து சேரும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்குதளமும் டெபியனையே அடிப்படையாகக் கொண்டது. ஆதலின் ஒன்றில் கற்றது மற்றதற்கும் உதவும்.

பொதி என்பது கோப்புகளின் வெறும் மூட்டையன்று. அதன் பெயர், பதிப்பு எண், பொறுப்பாளர், அது இயங்க வேண்டிய பிற பொதிகள் ஆகிய விவரங்களும் அதனுள் அடங்கும். 'ஆப்ட்' என்னும் கருவி இச்சார்புகளைக் கணக்கிட்டுத் தேவையானவற்றைக் களஞ்சியத்திலிருந்து வரவழைக்கிறது. 'டிபிகேஜி' அவற்றைப் பிரித்து வைத்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. மூலநிரலைப் பொதியாக்காமல் நேரே நிறுவினால் அப்பதிவேட்டில் ஏறாது. நிறுவிய பணியாளர் மாற்றலாகிச் சென்றபின் எந்தக் கோப்பு எதற்குரியது என்று கூற எவரும் இருக்கமாட்டார். அலுவலகங்களுக்கு இது புதிய அனுபவமன்று.

பயிலும் மாணவர் எழுத்துருப் பொதியிலிருந்து தொடங்குவது நலம். அதில் பெரும்பாலும் கோப்புகளை உரிய இடத்தில் வைப்பதே வேலை. ஆகவே விவரக் குறிப்பு, கட்டும் விதிகள், மாற்றப் பதிவு, உரிமக் குறிப்பு ஆகியவற்றில் முழுக் கவனம் செலுத்தலாம். பின்னர் பொதியைத் தம் கணினியிலன்றி, வேறெதுவும் நிறுவப்படாத தூய சூழலில் கட்டிப் பார்த்தல் வேண்டும். எழுத மறந்த சார்பு அங்கே உடனே வெளிப்படும்.

கட்டும் முறையை அறிவதன் இன்றியமையாமையை 2024ஆம் ஆண்டு உணர்த்திற்று. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் 'எக்ஸ்-இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ள வழியொன்று புகுத்தப்பட்டிருந்தது. அதைத் தூண்டும் வரிகள் பொதுப் பார்வைக்குரிய நிரற்களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுதியில் மட்டுமே இருந்தன. பொதி கட்டப்படும் வேளையில் அவை இயங்கி, சோதனைக் கோப்புகளில் மறைந்திருந்த நிரலை உள்ளே இணைத்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த பொறியாளர் ஆண்ட்ரெஸ் பிராயிண்டு காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29 அன்று இதை வெளியிட்டார். டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. சோதனைப் பதிப்புகளில் புகுந்திருந்தது.

திருத்தமும் பொதி வழியாகவே சென்றது. எண் குறைந்த பதிப்பை ஆப்ட் புதுப்பித்தலாக ஏற்காது. எனவே பழைய 5.4.5 பதிப்பையே, '5.6.1, உண்மையில் 5.4.5' என்று பொருள்படும் எண்ணிட்டு டெபியன் அனுப்பிவைத்தது.