கம்ப்யூட்டர் 'இல்லை' என்றால் இல்லையென்று ஆகிவிடுமா?



முன்பெல்லாம் பில்லைக் கம்பியில் குத்தி வைப்போம். மாதம் முடிந்ததும் கட்டாகக் கட்டிப் பரண் மேல் போடுவோம். எப்போது கேட்டாலும் தூசி தட்டி எடுத்துவிடலாம். இன்று பரணின் வேலையைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. பெயரைத் தட்டினால் பில் வந்து நிற்கும் என்ற நம்பிக்கையில், பழைய கட்டுகளை எடைக்குப் போட்டவர்களும் நம்மில் உண்டு. அந்த நம்பிக்கையை எந்த அளவுக்கு வைக்கலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

2018-19-ம் ஆண்டில் நாங்கள் வாங்கிய ஒரு எண்ணெய் லோடு குறித்து, 2023-ல் வரித் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பில்லைக் காட்டாவிட்டால் 41 ஆயிரம் ரூபாய் சொச்சம் இன்புட் வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி தனி. சப்ளையர் பெயரைப் போட்டுத் தேடினோம். "ஒன்றும் இல்லை" என்றது கம்ப்யூட்டர். பில் எண்ணைப் போட்டோம். அதற்கும் இல்லை என்றது. பணத்தைக் கட்டிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டோம். கடைசியில் கடைப் பையன் ஒருவன் பொறுமையாக ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தான். ஸ்கேனர் தானாகப் போட்ட வெறும் நம்பரைப் பெயராகக் கொண்டு, 'டி' டிரைவில் பில் பத்திரமாக இருந்தது.

இருக்கும் பொருளைக் கம்ப்யூட்டர் ஏன் இல்லை என்கிறது? நம் பேரேட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பேரேட்டின் முன்பக்கத்தில் எந்தப் பெயர் எத்தனையாவது பக்கம் என்று அகரவரிசை எழுதி வைப்போம். கணக்குப்பிள்ளை அதில் ஒரு பெயரை ஏற்ற மறந்துவிட்டால், கணக்கு உள்ளே இருந்தும் தேடுபவர் இல்லை என்றுதான் சொல்வார். விண்டோஸ் தேடலும் இப்படித்தான். விண்டோஸ் 95 காலத்தில் அது ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்தது. நேரம் பிடித்தாலும் எல்லா இடத்தையும் பார்த்தது. 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல், முன்கூட்டியே ஒரு அகரவரிசை தயாரித்து வைத்துக்கொண்டு அதை முதலில் பார்க்கும் முறை வந்தது. அந்த வரிசை பழசாகிப்போனாலோ பழுதானாலோ தேடலும் தவறிவிடும்.

நமக்குத் தவறும் இடங்கள் முக்கியமாக ஐந்து.

ஒன்று, இடம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தொடக்கத்தில் இருக்கும் 'கிளாசிக்' முறையில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில இடங்கள்தான் வரிசையில் ஏறும். 'டி' டிரைவில் போட்டது அதில் சேராது. செட்டிங்ஸில் 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றினால் முழுக் கம்ப்யூட்டரும் சேரும்.

இரண்டு, படம். ஸ்கேன் செய்த பில்லும், வாட்ஸ்அப்பில் வந்த ஃபோட்டோவும் கம்ப்யூட்டருக்கு வெறும் படங்களே. அவற்றில் உள்ள கம்பெனி பெயரைச் சாதாரணத் தேடல் படிக்காது. ஃபைலுக்கு நாம் என்ன பெயர் வைத்தோமோ அதுதான் அதற்குத் தெரியும். டாலியில் ஏற்றிய பில்லும் அப்படியே; அதை டாலிக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

மூன்று, பழைய தமிழ் எழுத்து. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் விலைப்பட்டியல்களும் பலரிடம் இருக்கும். அதில் நம் கண்ணுக்கு 'அ' என்று தெரிவது, கம்ப்யூட்டருக்குள் ஆங்கில 'எம்' எழுத்தாகவே பதிந்திருக்கிறது. இன்றைய யூனிகோடு தமிழில் தட்டித் தேடினால் அது எப்படி அகப்படும்? 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஃபைல்களை எழுத்துரு மாற்றிச் சேமிப்பது நல்லது.

நான்கு, நம் எழுத்து முறை. ஒருவர் காங்கேயம் என்பார், மற்றவர் காங்கயம் என்பார். ஆங்கிலத்தில் எழுதினால் ஊருக்கு நாலு விதம். தேடல் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும். 'துவரம்பருப்பு' என்று சேர்த்து எழுதியதை, 'பருப்பு' என்று தேடினால் தவறிப்போகலாம். அப்போது சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தேடிப் பார்க்கவும்.

ஐந்து, வெளிக் கோளாறு. 2020 பிப்ரவரி 5-ம் தேதி உலகெங்கும் பலருடைய விண்டோஸ் 10 தேடல் பெட்டி வெறுமையாகிப்போனது. இணையத் தேடலையும் அந்தப் பெட்டியோடு பிணைத்திருந்ததால், எங்கோ ஏற்பட்ட கோளாறு நம் மேஜை வரை வந்துவிட்டது.

வரிசை பழுதானால் திரும்ப எழுத வைக்கலாம். கண்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்', அதில் 'அட்வான்ஸ்டு', அதில் 'ரீபில்டு'. சில மணி நேரம் ஆகும்; இரவில் விட்டுவிடலாம். ஃபைல் பெயரை மட்டும் நொடியில் தேடித் தரும் 'எவரிதிங்' என்ற இலவச மென்பொருளும் உண்டு. ஆனால் பெயரே சரியில்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது.

ஆகவே பெயர் வைப்பதில் ஒழுங்கு வேண்டும். முதலில் வருடம், பிறகு மாதம், தேதி, சப்ளையர், பில் எண். உதாரணமாக, '2025-04-18 ஈரோடு மஞ்சள் 1127'. வருடத்தை முதலில் போட்டால் பில்கள் தாமாகவே நாள்வழி போல் வரிசையில் நிற்கும், தேடாமலே எடுக்கலாம். பில் எண்ணில் சாய்கோடு இருந்தால் விண்டோஸ் ஏற்காது, சிறுகோடு போடவும். சப்ளையர் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டால், பில் ஏற்றும் ஆள் மாறினாலும் பெயர் மாறாது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். 2023-24-ம் ஆண்டுக் கணக்குக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை நீளவும் கூடும்.

எங்கள் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை, மூன்று வருடத்துக்கு முந்தைய பில் ஒன்றைச் சொல்லி எடுக்கச் சொல்வோம். இரண்டு நிமிடத்தில் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று பார்த்து அன்றே சரிசெய்வோம். எல்லாவற்றையும் தனி ஹார்டு டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறு இடத்தில் வைக்கிறோம். பெரிய தொகை பில்களின் காகிதக் கட்டு இன்னும் பரணில்தான் இருக்கிறது.

குடோனில் சரக்கு இல்லை என்று ஆள் வந்து சொன்னால் நாம் அப்படியே நம்புவதில்லை. ஒரு நடை போய்ப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் சொன்னாலும் அப்படியே ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.