வீதி கடக்கும் பிள்ளையின் அச்சத்தை அளக்கலாமா?

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஒரு வளைவு. கீழே பாடசாலை, மேலே லயன்கள். தரம் இரண்டில் படிக்கும் ஒரு பிள்ளையிடம், "ரோட்ட எப்படி மகன் கடக்கிறீங்க?" என்று கேட்டேன். "சத்தம் கேட்டா நிப்போம் சேர், கேக்காட்டி ஒரே ஓட்டந்தான்" என்றான் சிரித்துக்கொண்டு. அவனுடைய அம்மா சிரிக்கவில்லை. கொழுந்து மலையில் நின்றாலும் ஸ்கூல் விடும் நேரம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்றார்.

அந்தப் படபடப்பை இன்று எண்களால் அளக்கிறார்கள். கனடாவின் டொரொண்டோ நகரில் பேராசிரியர் பிலால் பரூக்கின் ஆய்வுக்கூடம் இதைச் செய்தது. கண்களை முழுதாக மூடும் மெய்நிகர்க் கருவியை ஒருவருக்கு அணிவிப்பார்கள். அவர் நிற்பது வெற்று அறை. காண்பதோ வாகனங்கள் ஓடும் வீதி. அதை அவர் கடக்க வேண்டும். தோலில் பொருத்திய உணரி, உணர முடியாத அளவு சிறு மின்னோட்டத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். பதற்றம் வந்தால் நம்மை அறியாமலே வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யும். தோல் மின்சாரத்தைக் கடத்தும் திறன் ஓரிரு செக்கன்களில் உயரும். அதுதான் அளவு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவதைத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்றது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கைச் சொல்லும். இன்றைக்கு வாகனத்தை ஐந்தாவதாகச் சேர்க்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: வியர்த்ததைக் கருவி சொல்லும், அது அச்சத்தாலா உவகையாலா என்று சொல்லாது. வாகனம் நெருங்கிய கணத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். மோதினாலும் சாகமாட்டோம் என்பது கடப்பவருக்குத் தெரியும் என்பதால், உண்மை வீதியின் பயம் முழுதாக இதில் அகப்படாது. ஆனால் ஒரு வீதியை இன்னொன்றோடு ஒப்பிட இது போதும்.

டொரொண்டோ ஆய்வு என்ன சொன்னது? வாகன நெரிசல் கூடக் கூடப் பதற்றமும் கூடியது. கடக்க வேண்டிய வழித்தடங்கள் அதிகமானால் பதற்றமும் அதிகம். வயதில் மூத்தவர்களுக்குப் பதற்றம் கூட, இளையவர்களுக்குக் குறைவு.

இந்த மூன்றாவது முடிவில்தான் நாம் சற்று நிற்க வேண்டும். பதற்றம் குறைந்தவர் பத்திரமானவரா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய திரைகள் சூழ்ந்த மெய்நிகர் வீதியைப் பிள்ளைகளைக் கடக்கவைத்தார்கள். வாகன வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். 6 வயதுப் பிள்ளைகள் கடந்த தடவைகளில் 8 சதவீதம் மோதலில் முடிந்தது. 8 வயதில் 6 சதவீதம், 10 வயதில் 5, 12 வயதில் 2. 14 வயதில்தான் மோதலே இல்லை. வாகனம் எவ்வளவு நேரத்தில் வந்துசேரும் என்று கணிப்பதும், அந்த இடைவெளிக்குள் தாமதமின்றிக் கால் வைப்பதும் சின்னப் பிள்ளைக்கு இன்னும் கைவராத திறமைகள். "பாத்துப் போ" என்று நாம் சொல்கிறோம். அவன் பார்க்கத்தான் செய்கிறான், கணிக்கத்தான் முடியவில்லை.

அந்த ஆய்வின் வாகனங்களாவது தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தன. நம் ஊவா மலைவீதி அப்படியா? கணக்குப் போட்டுப் பாருங்கள். வீதி 6 மீற்றர் அகலம், நடை செக்கனுக்கு 1.2 மீற்றர் என்றால் கடக்க 5 செக்கன் வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் பஸ் அதற்குள் 55 மீற்றர் ஓடிவிடும். வளைவில் 30 மீற்றர்தான் தெரிகிறதென்றால், பஸ் கண்ணில் பட்டு மூன்று செக்கன் ஆவதற்குள் பிள்ளையிடம் வந்துவிடும். வலம், இடம், மறுபடி வலம் பார்த்த பிள்ளையும் நடுவீதியில்தான் நிற்பான். அதனால்தான் நம் பிள்ளைகள் காதை நம்புகிறார்கள். சத்தமில்லாத மின்சார வாகனங்கள் பெருகும்போது அந்தக் காதும் கைகொடுக்காது.

கருவி வாங்க நமக்கு வசதியில்லை. ஆனால் 1984இலேயே டேவிட் லீ என்பவரும் சகாக்களும் எளிய வழியொன்றைக் காட்டினார்கள். உண்மை வீதிக்குப் பக்கத்தில், அதே அகலத்தில் ஒரு பாவனை வீதியைக் கோடு போட்டு, உண்மை வாகனங்களைப் பார்த்துப் பிள்ளைகளைப் பாவனை வீதியைக் கடக்கச் செய்தார்கள். இதற்குச் சுண்ணாம்பும் ஓர் ஆசிரியரும் பாதுகாப்பான ஓரிடமும் போதும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் பிழைவிடுகிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பைப் பிள்ளையைத் திட்டுவதற்கு எடுக்கக் கூடாது. மஞ்சள் கடவையை வளைவிலிருந்து தள்ளி வைக்கவும், வேகத்தடை போடவும், பாடசாலை விடும் நேரத்தில் ஒருவரை நிறுத்தவும் கேட்கப் போகிறவர்களின் கையில் அது இருக்க வேண்டும். அந்தத் தாயின் படபடப்பு வீணான பயம் அல்ல. அந்த வளைவைப் பற்றிய சரியான அளவு அதுதான்.