இன்காக்னிட்டோ மறைக்காதது

குரோமில் ‘இன்காக்னிட்டோ’ போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது என்றே பலர் நம்புகிறார்கள். அது மறைப்பது போனில் பதியும் வரலாற்றை மட்டும்தான். நீங்கள் போகும் தளங்களும் நெட் தரும் நிறுவனமும் பார்க்கத்தான் செய்கின்றன. இது தொடர்பாக அமெரிக்காவில் 2020-ல் தொடரப்பட்ட வழக்கில், சேகரித்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

மாற்று பிரவுசர்கள் உண்டு.

பிரேவ், நிறுவியதுமே விளம்பரங்களையும் வேவுபார்க்கும் நிரல்களையும் தடுக்கிறது. முகவரிப் பட்டையிலுள்ள சிங்க முகத்தைத் தொட்டால், அந்தப் பக்கத்தில் எத்தனை தடுக்கப்பட்டன என்று காட்டும். ஆனால் சில கிரிப்டோ தளங்களின் முகவரியோடு தனக்குக் கமிஷன் தரும் இணைப்பைச் சேர்த்து, 2020-ல் மாட்டிக்கொண்டதும் இதே பிரேவ்தான், பிறகு திருத்திக்கொண்டது. டக்டக்கோவில் தீச்சுடர் பட்டனைத் தொட்டால் திறந்த பக்கங்களும் வரலாறும் அழிந்துவிடும். ஆண்ட்ராய்டில் முதலிடம் ஃபயர்ஃபாக்ஸுக்கே தரலாம்: யூபிளாக் ஆரிஜின் என்ற அருமையான விளம்பரத் தடுப்பானை அதில் சேர்த்துக்கொள்ள முடியும்.

ஐபோனில் கதை வேறு. பெரும்பாலான நாடுகளில் அங்கே எந்த பிரவுசருக்கும், பக்கங்களைத் திறந்து காட்டும் எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட்தான்; ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைச் சேர்க்கும் வசதியும் அங்கே கிடையாது.

எதை நிறுவினாலும் செட்டிங்ஸில் ‘டீஃபால்ட் பிரவுசர்’ என்பதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் பழைய பிரவுசரிலேயே திறக்கும்.