அம்மா வருவாங்களா? கொஸ்லந்தப் பிள்ளைகளும் உளவியல் ஆய்வும்

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் இலங்கையின் ஊவா மாகாணத்தில் கொஸ்லந்தவுக்கு மேலே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. பல பிள்ளைகள் அதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் உயிரோடு இருப்பது அதனால்தான். திரும்பி வந்து பார்த்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. இந்த மண் சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. சில உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். மற்றவர்கள் இன்றும் அந்த மண்ணுக்குள்ளேதான் இருக்கிறார்கள்.

உடல் கிடைக்காத சாவு ஒரு பிள்ளையின் மனதை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு வழிகாட்டும் கருத்தொன்று ஒரு பட்டமேற்படிப்பு மாணவியிடம் தொடங்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் படித்த பவுலின் பாஸ், வீட்டில் இருந்தும் மனதால் இல்லாத தகப்பன்மாரைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களைச் சந்தித்தார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. முடிவு தெரியாத இந்த இழப்பில் துக்கம் உறைந்துபோய் நிற்கும் என்று அவர் காட்டினார். பலவீனமான மனம் இதற்குக் காரணம் அல்ல, நிலைமையே அப்படி.

நம் வீடுகளில் இதை இன்னும் கடினமாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை கேட்டால் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிடுவோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஊருக்குப் போனவர் திரும்பி வரவேண்டுமே! பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உடல் இல்லாமல் கருமாதி செய்த பெரியவர்களுக்குக்கூட நெஞ்சு ஆறவில்லை என்றால், ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி ஆறும்? வயதுக்கு ஏற்ற எளிய சொல்லில் உண்மையைச் சொல்வது, அண்ணன் தம்பி தங்கைகளைப் பிரிக்காமல் வைத்திருப்பது, பள்ளிக்கூடம் விளையாட்டு என்ற தினசரி ஒழுங்கைச் சீக்கிரம் மீட்டுத் தருவது ஆகியவைதான் உதவும் என்று பேரிடரில் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள் சொல்கிறார்கள். மீரியபெத்தவில் தப்பியவர்களில் பல குடும்பங்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தற்காலிக இடங்களில் இருந்தன. 2016 அக்டோபரில்தான் மக்கல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் இரண்டு ஆண்டு என்பது சின்னக் காலமா?

கொஸ்லந்தவுக்குப் போகும் ஆய்வாளர் ஒருவர் முதலில் கற்கவேண்டியது அங்குள்ள சொற்களை. கேள்வித்தாளில் "மனச்சோர்வு" என்று அச்சிட்டிருக்கும். தோட்டத்தில் அப்படி யாரும் பேசுவதில்லை. "நெஞ்சு பாரமா இருக்கு", "ஒரே யோசனையா இருக்கு", "புள்ள பயந்துட்டான், மந்திரிக்கணும்" என்பார்கள். இங்கே யோசனை என்றால் கவலை. இது தெரியாதவர், ஆள் ஆழமாகச் சிந்திக்கிறார் என்று எழுதிக்கொண்டு போவார். ஆங்கில அளவுகோலைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு திரும்பவும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை உண்டு. அது அவசியம்தான், ஆனால் போதாது. லயத்து அம்மா ஒருவர் அதை வாசித்து, தன் வாயால் திருப்பிச் சொல்லும்போதுதான் கேள்வி சரியா என்பது தெரியும்.

உள்ளே இருப்பவருக்கே சரியான கேள்வி தெரியும் என்பது அடையாளம் பற்றிய ஆய்வுக்கும் பொருந்தும். மாமி பிப்ஸ் கிளார்க் என்ற கறுப்பின மாணவி 1939இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேடு எழுதினார். பள்ளிக்குப் போகாத வயதுக் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்ற உணர்வு எப்போது வருகிறது என்பதே அவருடைய கேள்வி. பிறகு கணவர் கென்னத்துடன் சேர்ந்து, வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார். கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெள்ளைப் பொம்மையைத் தொட்டார்கள். நிறப்பிரிவினைப் பள்ளிகள் சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வு துணைநின்றது. இன ஒதுக்கலுக்குள் வளர்ந்த ஒருத்திக்கு, எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று தெரிந்திருந்தது.

மலையகப் பிள்ளையிடம் எந்தப் பொம்மையைக் காட்டுவது? 1948இன் குடியுரிமைச் சட்டம் கொள்ளுத்தாத்தாவை நாடற்றவராக்கியது. இந்தியாவோடு செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு கரையாகப் பிரித்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் "இந்தியத் தமிழர்", மேடையில் "மலையகத் தமிழர்", சண்டை வந்தால் "தோட்டக்காட்டான்". 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் நாட்டில் 4.1 சதவீதம், 2024இல் அந்தப் பிரிவு 2.8 சதவீதம். பிறப்பு குறைந்ததாலும் வெளிநாடு போனதாலும் மட்டும் இந்த வித்தியாசம் வரமுடியாது. பெயரை மாற்றிப் பதிந்தவர்களும் இருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஏன் மாற்றினார்கள் என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி. முகவரியும் ஓர் அடையாளம்தான். லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

மனதை உடலிலிருந்து தனியே பிரித்துப் பார்க்கவும் முடியாது. 2016 சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். கொழுந்துக் கூடையோடு மலையேறும் தாய், கைப்பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். அங்கே யார் தூக்குகிறார்கள், யார் பேச்சுக் கொடுக்கிறார்கள், எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் என்பதெல்லாம் மூளை வளர்ச்சியின் கணக்கு. தாயும் பிள்ளையும் மட்டும் இருக்கும் வீட்டுக்காக எழுதிய பாடப்புத்தகத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து அளந்தால், பாட்டியின் மடியும் மடுவத்து ஆயாவின் கையும் கணக்கில் வராமல் போய்விடும்.

ஒழுங்கான ஆய்வு அனுமதியில் தொடங்குகிறது. தோட்டத் துரை சரி என்றால் போதாது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். "வேணாம்" என்றால் அதோடு நிறுத்தவேண்டும். மண்ணில் தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டுவிட்டு, அழவைத்து, பஸ் ஏறிப் போவது ஆய்வு ஆகாது. மறுநாள் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஒருவர் இருக்கவேண்டும். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம் ஒன்றில் நடந்த சிகிச்சை ஆய்வில், உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களே பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள். ஊவாவின் தமிழ் ஆசிரியர்களுக்கும் அந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம்.

அன்று ஏழு வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது உயர்தரம் எழுதிப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உளவியல் படிக்கட்டும். அதுவரை தோட்டத்துக்கு வரும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டம் கிடைத்ததும் உங்கள் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, ஒரு பிரதியைக் கொஸ்லந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். பதில் சொன்ன பிள்ளைகள் அதை வாசிக்கவேண்டும்.