புகைபோக்கிக்கு முன்பே அளவெடுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டம் கீழ்வேளூர் வட்டாரத்தில் குழந்தை பிறந்ததும் எடை போட்டு எழுதிவிடுகிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் தாயின் ரத்தசோகை, சாப்பாடு, ஓய்வு எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். வயிற்றில் பிள்ளையோடு அவள் சுவாசித்த காற்றையும் விசாரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பக்கத்தில் நரிமணம், பனங்குடியில் 1993-ல் தொடங்கிய சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பின்னாளில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்தது. அங்கே 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார்.

எண்ணெய், எரிவாயு எரியும்போது வெளிவரும் நுண்துகள்கள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்திலும் கலக்கின்றன. நஞ்சுக்கொடியின் சிசுப் பக்கத்திலேயே கரித்துகள்கள் இருப்பதை 2019-ல் பெல்ஜியத்தின் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். அமெரிக்காவின் தெற்கு டெக்சஸில், எண்ணெய் வயல்களில் வீண் எரிவாயுவைக் கொளுத்தும் இடங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் வசித்து, அந்தத் தீயை அடிக்கடி எதிர்கொண்ட கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது என்கிறது 2020-ல் வெளியான ஆய்வு.

அடுப்படியில் அளந்தார்கள்

கர்ப்பிணி சுவாசிக்கும் காற்றை அளப்பது நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த 'ஹேப்பின்' ஆய்வின் களங்களில் நம் மாவட்டமும் ஒன்று. ஒரு பிரிவினருக்கு கேஸ் அடுப்பு தந்தார்கள். மற்றவர்கள் விறகடுப்பிலேயே சமைத்தார்கள். விறகடுப்புப் பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் நுண்துகள். கேஸ் அடுப்புக்கு மாறியவர்களுக்கு 23.9. ஆனால், குழந்தைகளின் எடையில் உறுதியான வித்தியாசம் இல்லை என்று 2022-ல் முடிவு வந்தது. கருவுற்று 9 வாரம் கடந்த பிறகே அவர்கள் ஆய்வில் சேர்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பிறப்பு எடை பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் விஷயம். அதனால்தான் ஊகம் போதாது, கணக்கு வேண்டும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்தைக்கூடக் கருவி வைத்து அளக்கிறோம். பிள்ளைத்தாய்ச்சியின் மூச்சுக்காற்றுக்கு அதைவிடக் குறைந்த அக்கறையா?

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து 'பிக்மி' எண் தருகிறார்கள். பிறப்பு எடை, குறைப்பிரசவம் பற்றிய விவரம் அரசின் கையிலேயே இருக்கிறது. கீழ்வேளூர், திருமருகல், நாகூரில் காற்றுத்தர நிலையங்கள் அமைத்து, இரண்டு கணக்கையும் ஊர்வாரியாகச் சேர்த்து, தாய்மார்களின் பெயர் விவரம் வெளியாகாமல், தமிழில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். புதிய ஆலை ஓடத் தொடங்கிய பின் எடுக்கும் கணக்கை ஒப்பிட, முந்தைய கணக்கு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் நாளை எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குத் தாயின் ரத்தசோகை ஒன்றே காரணமாக எழுதப்படும். மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.